ஐந்தாவது மாத்திரைக்கு முன்னால்

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று போனில் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு, “இன்னொரு மாத்திரை மாத்திப் பாக்கலாம்னு கேட்டுட்டு வந்துட்டேங்கா” என்றாய். பக்கத்தில் சாந்தி அழுதுகொண்டிருந்தாள், அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் என்ன பேசினாலும் உன் மனதில் நின்றிருக்காது. அதனால்தான் கடிதம். நீ படித்த பிறகு மலரிடமும் கொடு. இருபத்திரண்டு வயதான உன் பெண்ணின் தலையைப் பற்றி அவளைத் தவிர நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒன்று. டாக்டர் மலருக்கு ஆபரேஷன் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் செய்யத் தகுந்த வலிப்புதானா என்று பரிசோதிக்கலாம் என்றார். நீ கொண்டு வந்த சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறார். பரிசோதனை முடிந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நியூரோ வார்டில் வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது கையெழுத்துக் கேட்பது ஒரு பரிசோதனைக்குத்தான்.

இனி அந்த இன்னொரு மாத்திரை விஷயம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில், அதுவரை மருந்தே எடுக்காத 470 வலிப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் மாத்திரையிலேயே வலிப்பு நின்றவர்கள் 47 விழுக்காடு. இரண்டாவது மாத்திரையில் நின்றவர்கள் 13 விழுக்காடு. மூன்றாவது மாத்திரையிலோ, பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றவர்கள் வெறும் 4 விழுக்காடு. இதெல்லாம் கூடித்தான் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-இல் ஒரு வரையறை வைத்தது: சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. இரண்டே மருந்து. மலர் எத்தனை பார்த்துவிட்டாள்? எப்டாயினில் ஈறு வீங்கியது. டெக்ரிடால் அளவு கூடக்கூட வகுப்பில் தூங்கினாள். லெவிபில் தொடங்கிய பிறகு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள் என்று சாந்தி வருத்தப்பட்டாள், அது பிள்ளையின் குணம் இல்லை, மருந்து செய்யும் வேலை. கடைசியாக ஃபிரிசியம். ஐந்தாவதில் நின்றுவிடாது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, சிலருக்கு நிற்கும். ஆனால் அதை நம்பி இன்னும் மூன்று வருஷம் காத்திருக்கலாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெளிநாடுகளிலேயே வலிப்பு தொடங்கி அறுவை மையத்துக்கு வந்து சேர இருபது வருஷம் ஆகிறது என்று எழுதுகிறார்கள். அந்த இருபது வருஷத்தில்தான் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் போய்விடுகிறது.

மலருக்கு இருப்பது எந்த வகை என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவளுக்கு இரண்டு வயது நடக்கும்போது காய்ச்சலில் ஜன்னி வந்து அரை மணி நேரம் இழுத்தது நினைவிருக்கிறதா? பிறகு பல வருஷம் ஒன்றும் இல்லை. பதினோரு வயதில் வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறுகிறது என்பாள். அப்புறம் பார்வை நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், இடது கை துப்பட்டாவைப் பிசையும், வலது கை முறுக்கிக்கொண்டு விறைக்கும். முடிந்த பிறகு பேச்சு வராமல் கொஞ்ச நேரம் திணறுவாள். காதுக்கு மேலே, பொட்டுக்குப் பின்னால் இருக்கும் டெம்போரல் லோபில், அதுவும் இடது பக்கத்தில் கிளம்புகிற வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதற்குள் ஹிப்போகேம்பஸ் என்று சுண்டுவிரல் அளவில் ஒரு பகுதி. சின்ன வயதில் நெடுநேரம் நீடித்த காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைகளில் சிலருக்கு அது சுருங்கித் தழும்பாகிவிடுகிறது. மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்புகளில் இது முக்கியமானது, அறுவையில் நல்ல பலன் தருவதிலும் முன்வரிசையில் இருப்பது. நான் சொல்வது ஊகம்தான். உறுதி செய்யத்தான் பரிசோதனை.

“ஏற்கெனவே எடுத்த எம்.ஆர்.ஐ. நார்மல்னு சொன்னாங்களே” என்றாய். அது தலைவலிக்கு எடுக்கிற மாதிரி எடுத்த படம். வலிப்புக்கென்று எடுக்கும்போது ஹிப்போகேம்பஸ் கிடக்கிற வாட்டத்துக்குக் குறுக்காக, மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் வேறு வேண்டும். சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தப்பிய தழும்பு அதில் தெரிந்துவிடுவது உண்டு.

அடுத்தது வீடியோ இ.இ.ஜி. இதுதான் முக்கியம், நீயும் சாந்தியும் பயப்படப் போவதும் இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தலை முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட சின்ன வில்லைகளைப் பசை போட்டு ஒட்டி ஒயர் கோத்துவிடுவார்கள். முடியை எடுக்க மாட்டார்கள், மலரிடம் இதை முதலில் சொல். கட்டிலுக்கு எதிரே கேமரா இரவும் பகலும் ஓடும். சில நாள் தங்க வேண்டும். அங்கே வைத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஆமாம், வலிப்பு வர வேண்டும் என்றுதான் குறைப்பார்கள். எந்த இடத்தில் மின்சாரம் முதலில் கிளம்புகிறது, அந்த நொடியில் முகமும் கையும் என்ன செய்கின்றன என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் பிடிபடும். வீட்டில் எக்காரணம் கொண்டும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வார்டில் கையில் ஊசி போட வழி திறந்து வைத்திருப்பார்கள், வலிப்பு நீண்டால் நிறுத்தும் மருந்து பக்கத்திலேயே இருக்கும், ஆள் இருப்பார்கள். அதனால்தான் அங்கே வைத்து மட்டும் குறைக்கிறார்கள்.

கூட இருப்பவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. வலிப்பு தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். போர்வையை விலக்கிவிட்டு, கேமராவை மறைக்காமல் தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு ஆட்கள் செய்வதெல்லாம் நேர்மாறு: ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார்கள், கையில் சாவியைத் திணிப்பார்கள், வாயில் எதையாவது வைப்பார்கள். எதுவும் கூடாது. பெரிய வலிப்பாகப் போனால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வை, போதும். நர்ஸோ டெக்னீஷியனோ வந்து பேர் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், ஒரு வார்த்தையை நினைவில் வைக்கச் சொல்வார். முடிந்த பிறகு ஒரு வரியை வாசிக்கச் சொல்வார். எவ்வளவு நேரம் கழித்துப் பிழையில்லாமல் வாசிக்கிறாள் என்பதிலிருந்தே வலிப்பு பேச்சுக்கு உரிய பக்கத்தில் கிளம்பியதா என்று ஒரு துப்புக் கிடைக்கும். குழந்தை மயங்கிக் கிடக்கும்போது கேள்வி கேட்கிறார்களே என்று சண்டைக்குப் போன அப்பாக்கள் உண்டு. நீ போகாதே.

அப்புறம் ஞாபக சக்தி, மொழி, கவனம் இவற்றையெல்லாம் அளக்க ஒரு நரம்பு உளவியல் நிபுணர் நெடுநேரம் உட்கார்ந்து சோதிப்பார். தேவைப்பட்டால் பெட் ஸ்கேன்: வலிப்புக்குக் காரணமான பகுதி மற்ற நேரத்தில் சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்ளும், படத்தில் அது மங்கித் தெரியும். எல்லாம் முடிந்ததும் நரம்பியல் மருத்துவர், அறுவை மருத்துவர், படம் பார்ப்பவர், நரம்பு உளவியல் நிபுணர் என்று எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள். எல்லாச் சோதனையும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அறுவை. ஒன்றுக்கொன்று முரண்பட்டால், மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு மெல்லிய மின்முனைகளை உள்ளே வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. பாரிஸில் சாந்த்-ஆன் மருத்துவமனையில் தலைராக், பான்கோ என்ற இருவர் உருவாக்கியது அது. மலருக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். மலர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். “படிச்சதெல்லாம் மறந்துபோகுமா அத்தை?” என்று. இணையத்தில் ஓர் அமெரிக்கரின் கதையைப் படித்திருக்கிறாள். அது உண்மைக் கதை. ஹென்றி மொலைசன். 1953-இல் வலிப்புக்காக ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு இரண்டு பக்கத்து ஹிப்போகேம்பஸையும் எடுத்துவிட்டார். அதன் பிறகு 2008-இல் இறக்கும்வரை அவரால் புதிதாக நடந்த எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் வருஷக்கணக்காக அவரை ஆராய்ந்ததால்தான் நினைவு எங்கே உருவாகிறது என்பதே உலகத்துக்குப் புரிந்தது. அன்றிலிருந்து இரண்டு பக்கத்தையும் யாரும் எடுப்பதில்லை. எடுக்கப் போகிற பக்கம் இப்போது எவ்வளவு வேலை செய்கிறது, மிச்சம் இருக்கப் போகிற பக்கம் தாங்குமா என்று பார்க்காமல் கத்தி வைப்பதும் இல்லை.

ஆனாலும் மலரிடம் பூசி மெழுக வேண்டாம். இடது பக்கம் என்பதால் சொற்களை நினைவில் வைப்பதில் கொஞ்சம் இழப்பு வரலாம். பேர்கள் சட்டென்று நாக்குக்கு வராமல் போகலாம். அந்த ஹிப்போகேம்பஸ் ஏற்கெனவே சுருங்கி, ஞாபகச் சோதனையிலும் அந்தப் பக்கம் பலவீனமாக இருந்தால் இழக்க அதிகம் இருக்காது. அது இன்னும் நன்றாக வேலை செய்தால் ஆபத்து கூடுதல், அப்போது டாக்டர்களே யோசிப்பார்கள். அவள் கேள்விக்குப் பதில் அந்தச் சோதனைத் தாளில்தான் இருக்கிறது. என்னிடமும் இல்லை, கூகுளிலும் இல்லை. இன்னொன்றையும் அவளிடம் சொல்: அடங்காத வலிப்பும் நினைவைத் தின்னும். பரீட்சைக்கு முந்தின நாள் இரண்டு முறை வந்து, மறுநாள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கே தெரியும்.

அறுவை எப்படி என்று சாந்தி கேட்டாள். காதுக்கு மேலே திறந்து, டெம்போரல் லோபின் முன்பகுதியில் சில சென்டிமீட்டரும், அதோடு ஹிப்போகேம்பஸும் எடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும். சில நாளில் எழுந்து நடப்பார்கள். தாடைத் தசையை விலக்கித்தான் உள்ளே போவதால் கொஞ்ச வாரம் மெல்லும்போது வலிக்கும், குழைந்த சாதமும் இட்லியும்தான். வலது பக்கம் மேல் மூலையில் பார்வை கொஞ்சம் குறையலாம், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தொற்று, ரத்தக்குழாய் பாதிப்பு, கை கால் பலவீனம் எல்லாம் அரிதாக நடக்கும். உயிராபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்றாலும் இருக்கத்தான் செய்கிறது, கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டுத்தான் போட வேண்டும்.

பலன் என்ன? கனடாவில் 80 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை அறுவைக்கும் பாதிப்பேரை மருந்துக்கும் ஒதுக்கிப் பார்த்தார்கள். 2001-இல் வந்த முடிவு: ஒரு வருஷம் கழித்து, நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பக்கம் 58 விழுக்காடு, மருந்துப் பக்கம் 8. அறுவையால் நான்கு பேருக்குப் பாதிப்பு வந்தது. மருந்துப் பக்கம் ஒருவர் இறந்தே போனார். நம் நாட்டிலும் டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். வலிப்பு நின்றவர்கள் அறுவையில் 77 விழுக்காடு, மருந்தில் 7. அந்த ஆய்வில் அறுவை செய்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது என்று யாராவது உனக்கு அனுப்புவார்கள். அதுவும் உண்மை. அதில் பலவிதமான அறுவைகள் உண்டு. மூளையின் ஒரு பாதியையே துண்டித்துவிடும் அறுவையும் அதில் சேரும், அதற்குப் பிறகு ஒரு பக்கக் கை கால் தளர்வது எதிர்பார்த்ததே. மலருக்குப் பேசுவது அந்த அறுவை இல்லை.

ஒரு வருஷத்தோடு கதை முடிவதும் இல்லை. லண்டனில் 615 பேரை நெடுங்காலம் கவனித்ததில், ஐந்து வருஷம் கழித்தும் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல், பத்து வருஷம் கழித்துப் பாதிக்குச் சற்றுக் கீழ். எல்லோருக்கும் நிற்காது. நின்றாலும் மாத்திரையை அன்றே தூக்கிப் போட முடியாது, குறைந்தது ஓரிரு வருஷமாவது தொடர்வார்கள். முதல் சில மாதங்களில் மனம் சோர்ந்துபோவதும் உண்டு. வலிப்பு நின்ற பிறகும் எதற்கு அழுகிறாள் என்று நாம் திகைக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவைக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டாலும் வழி அடைபடாது. கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி, மூளையின் ஆழத்தில் வைக்கும் மின்முனை, கொழுப்பு மிகுந்த உணவுமுறை என்று இருக்கின்றன. பெரும்பாலும் வலிப்பைக் குறைக்கும், நிறுத்துவது குறைவு.

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று இறந்துபோகிறார். பெரும்பாலும் தூக்கத்தில். உடம்பு முழுக்க இழுக்கும் பெரிய வலிப்பு அடிக்கடி வருபவர்களுக்கு இந்த ஆபத்து இதைவிட மிக அதிகம். மலருக்குச் சென்ற வருஷத்திலிருந்து ராத்திரியில் அப்படி வருகிறது. இது போக அடுப்பங்கரை, கிணற்றடி, பஸ் ஸ்டாண்டு. தீக்காயத்தோடு வந்த எத்தனை பெண்களுக்கு நான் கட்டு மாற்றியிருக்கிறேன், அவர்களில் எத்தனை பேர் வலிப்பில் அடுப்பில் விழுந்தவர்கள் என்று உனக்குத் தெரியாது. அறுவை ஆபத்து, சும்மா இருப்பது பத்திரம் என்று நீ நினைக்கிறாய். சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது தம்பி, அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணப் பேச்சு நடக்கும்போது தலையில் தையல் வடு தெரியுமே என்று அம்மா கவலைப்பட்டதாகச் சொன்னாய். அம்மாவைக் கோபிக்காதே, அவர்கள் காலத்தில் வலிப்பு என்று தெரிந்தால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது, 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். வலிப்பு இருக்கிறது என்பதற்காகக் கல்யாணம் செல்லாது என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. மறைத்துச் செய்தால்தான் பிறகு வம்பு. வடு முடிக்குள் போய்விடும். வலிப்பு அப்படி மறையாது. நாளைக்கு அவள் கருத்தரிக்க நினைத்தாலும், நான்கு மாத்திரையோடு இருப்பதைவிட ஒன்று இரண்டோடு இருப்பது எவ்வளவோ நல்லது. வால்ப்ரோயேட் மாத்திரையை டாக்டர் அவளுக்குத் தொடாமலே வைத்திருக்கிறார் பார், வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆகாது என்பதால்தான். அவர் இவ்வளவு தூரம் யோசிக்கிறவர், அவர் சொன்னதை நம்பு.

எங்கே போவது என்று கேட்டாயே. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனை எனக்குப் பக்கம், உனக்கும் ஒரு ராத்திரிப் பயணம்தான். அங்கே 1995-இல் வலிப்பு அறுவை தொடங்கியது, இதுவரை இரண்டாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். நம் திருநெல்வேலி, நாகர்கோவில் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள். நம் ஊருக்கும் இது புதிது இல்லை. கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, வேலூர் சி.எம்.சி.யில் 1952-லேயே வலிப்புக்கு அறுவை செய்தார். நீ பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்தி. செலவை நாம் பேசிக்கொள்ளலாம், அரசுக் காப்பீட்டில் எதற்கெல்லாம் கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுவிடலாம். அத்தானும் நானும் இருக்கிறோம்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளும், எந்த அளவில், எவ்வளவு காலம், ஏன் நிறுத்தியது என்று ஒரு தாளில். பழைய ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும். வலிப்பு வந்த நாள்களைக் குறித்த நோட்டு. சாந்தி போனில் ஒருமுறை வீடியோ எடுத்தாளே, அழிக்காமல் வை. அடுத்த முறை வந்தால் முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி தொடக்கத்திலிருந்து எடுக்கப் பாருங்கள். ஜன்னி வந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், தேடிப் பார்.

அதற்கு முன்னால் மலரை உட்கார வைத்துப் பேசு. வேண்டாம் என்று அவள் சொன்னால் ஏன் என்று கேள், அவளைக் கட்டாயப்படுத்தாதே. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது அவள்தான். அவள் சரி என்றால் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போய், ஐந்தாவது மாத்திரை வேண்டாம், வீடியோ இ.இ.ஜி.க்குக் கடிதம் கொடுங்கள் என்று கேள். தேதி கிடைத்ததும் எனக்குச் சொல். வார்டில் அவளோடு ராத்திரி இருக்க நான் வருகிறேன். நீயும் சாந்தியும் பகலில் இருந்தால் போதும்.

அன்புடன்,
அக்கா